இடது பின் சக்கரம்

ஜூலை 2, செவ்வாய்

காரின் நான்கு சக்கரங்களையும் நாசமாக்கியது என் தங்கை கோகிலவாணி.

நேற்று பகல் இரண்டு மணிக்குப் பெருந்துறையிலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் தேங்காய்க் களத்தில் நிறுத்தினாள். லைசென்ஸ் கிடையாது. முப்பத்தெட்டு கிலோமீட்டர் தூரமும் இரண்டாவது கியர். இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. வழியிலிருந்த நடுத்திட்டு ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. அலாய் வீல்களின் விளிம்பெல்லாம் நாய் கடித்த மாதிரி இருக்கிறது.

தை மாதம் அவள் கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த கார். நான்தான் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். மண்டப வாசலில் ரிப்பன் கட்டி, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிற மாதிரி நிறுத்தினோம். சிலர் மணமக்களை விட்டுவிட்டு அதனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் நான் ஓட்டினேன். பிறகு சாவியை மாப்பிள்ளை லோகநாதன் கையில் கொடுத்துவிட்டு மொபெட்டில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

செருப்பு இல்லாமல் வந்திருந்தாள். கேட்டதற்கு, வெறுங்காலில் ஓட்டினால்தான் கிளட்ச் பிடிபடுகிறது என்றாள்.

இந்த டைரியைக் களத்தின் காற்றையும் வெயிலையும் குறிப்பதற்காக வைத்திருக்கிறேன். இனி இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

காற்று: பலம். வெயில்: நல்லது.

ஜூலை 4, வியாழன்

அப்பா கேட்டார்: "கெளம்பறதுக்கு முன்னாடி உனக்குப் போன் கீது பண்ணாளா?"

இல்லை என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

பக்கத்துக் களத்து சரசக்கா வேலி ஓரமாக நின்று கணக்குப் போட்டாள். "ஏனுங்க, ஆனியிலயே ஆடிக்குக் கூட்டியாந்துட்டீங்களா?"

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "அவிய ஊட்டுல எல்லாரும் கோயிலுக்குப் போறாங்க. புள்ள தனியா இருக்கோணுமேன்னு வெள்ளனே வரச் சொல்லிட்டோம்."

கல்யாணமான முதல் வருஷம் ஆடி மாதம் பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும். ஆடி ஒன்றாம் தேதிக்குப் பெண்வீட்டார் சீரோடு போய் அழைத்து வர வேண்டும். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். முறை அதுதான். பெண் தானாகக் காரை ஓட்டிக்கொண்டு வருவது எந்த முறையிலும் இல்லை. அதனால் ஆடியைப் பதினாறு நாள் முன்னால் இழுத்துவிட்டாள் அம்மா.

வாணியின் இடது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருக்கின்றன. கதவில் நசுங்கிவிட்டதாம். அம்மா காலையும் மாலையும் தைலம் தேய்த்துத் துணி சுற்றுகிறாள். இரண்டு விரலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஜூலை 7, ஞாயிறு

அப்பா பெருந்துறை போய்விட்டு வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டில் இல்லையாம். அவருடைய அம்மா மரகதம்தான் பேசியிருக்கிறாள்.

"ஆவணியில நல்ல நாள் பாத்து நாங்களே வந்து கூட்டிக்கறோம்னு சொன்னாங்க" என்றார் அப்பா. "ஆனா காரு குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கோணுமாம். சொட்ட வண்டி எங்க வாசல்ல நிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"நம்ம அம்மிணியப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"அதான் கூட்டிக்கறோம்னு சொல்லிட்டாங்கல்ல."

வாணி சமையலறையில்தான் இருந்தாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

ஜூலை 8, திங்கள்

பட்டறைக்குக் கொண்டுபோக முடியாது. காங்கேயத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் சொந்தக்காரன் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருப்பான். "யாரு வண்டி? கோகிலவாணி வண்டியா? என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் வெள்ளகோவில் வரைக்கும் போய்விடும். இந்த ஊரில் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று ஒருவனும் கேட்க மாட்டான். வண்டிக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்பார்கள்.

வீட்டிலேயே செய்துகொள்வது என்று முடிவு. நான்தான் செய்ய வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டு, காற்றே புகாத அறையில், ஒரு சக்கரத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறான். அவன் தங்கைக்கு மாமியார் இல்லை போலிருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

முதல் முட்டாள்தனம் என்னுடையதுதான்.

காரின் கதவைத் திறந்தால் ஓரத்தில் பெயிண்ட் நம்பர் ஒட்டியிருக்கும். அதை எழுதிக்கொண்டு போய் ரெஜினாக்காவின் பெயிண்ட் கடையில் ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்தேன். கடை அவள் அப்பாவுடையது. இப்போது அவள்தான் கல்லாவிலும் கலர் கலக்கும் மெஷினிலும் நிற்கிறாள். டப்பாவை ஒரு தகரத் துண்டில் அடித்துச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. சக்கரம் பழைய அலுமினியப் பாத்திரம் மாதிரி கறுத்த சில்வர். டப்பாவில் இருந்தது பாடியின் பளபளப்பு.

திரும்பப் போனேன். ரெஜினாக்கா சிரித்தாள். "பாடி நம்பர எழுதிட்டு வந்து வீலுக்கு அடிச்சீங்களா? சட்ட அளவு சொல்லி செருப்பு வாங்குன கதைதான்."

சக்கரத்தின் நடுவில் இருக்கிற வட்ட மூடியைக் கழற்றி எடுத்துப் போயிருந்தேன். அதை வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்து, கறுப்பும் துளி மஞ்சளும் சேர்த்துக் கலக்கி, மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டாள். மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். காய்ந்ததும் எங்கே வைத்தாள் என்று எனக்கே தெரியவில்லை.

"யாரு காருங்க தம்பி?"

"சிநேகிதன் காரு."

ஜூலை 17, புதன். ஆடி 1

தலை ஆடி. வடை, பாயசம், வாழையிலை எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அப்பா காலையில் இரண்டு தடவை போன் போட்டார். மூன்றாவது தடவை எடுத்து, "வண்டி இல்லாம எப்படிங்க மாமா வர்றது?" என்றாராம்.

பெருந்துறையிலிருந்து காங்கேயத்துக்கு பஸ் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி சட்டை தட்டிலேயே இருக்கிறது. வாணி மூன்று வடை சாப்பிட்டாள். அம்மா முறைத்தாள்.

ஜூலை 19, வெள்ளி

வலது முன் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிவிட்டுக் குடோனுக்குள் உருட்டிக்கொண்டு போனேன். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம். சோப்பு போட்டுக் கழுவினேன். பிரேக் தூள் கரியாக ஒட்டியிருந்தது. இரண்டு தடவை தேய்த்த பிறகுதான் கீறல் முழுதாகத் தெரிந்தது. விளிம்பைச் சுற்றி வளைந்து போகிறது. நடுத்திட்டில் உரசினால் அப்படித்தான் வரும்.

வாணி வந்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பண்றதையும் பண்ணீட்டு வேடிக்க பாக்கறியா? வந்து தேய்."

உட்கார்ந்தாள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். சக்கரத்தை இடது கையால் பிடிக்கப் பார்த்தாள், நழுவியது. மறுபடி பிடித்தாள், மறுபடியும் நழுவியது. அந்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை. முழங்காலால் சக்கரத்தை அழுத்திக்கொண்டு வலது கையால் தேய்த்தாள். ஒரு மணி நேரம்.

போகும்போது, "நல்லா தேய்ச்சு நல்லா பூசுண்ணா. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிரும்" என்றாள்.

அவளுக்கு வாய் எப்போதும் உண்டு.

ஜூலை 21, ஞாயிறு

கீறலில் பட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்து, பிரைமர் அடித்து, இன்று நிறம் அடிக்கும் நாள்.

டயரின் மேல் பெயிண்ட் படக்கூடாது. டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் கெட்டி அட்டையை வரிசையாகச் சொருக வேண்டும். வீடியோவில் அவன் சீட்டுக்கட்டைச் சொருகினான். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல அட்டை மேலே அட்டத்தில் ஒரு கட்டு கிடந்தது. கல்யாணப் பத்திரிகை. தங்க எழுத்து, கனமான அட்டை. அப்பா ஆயிரத்து இருநூறு அடித்து, கொடுத்தது போக மிச்சம். ஒரு சக்கரத்துக்கு இருபத்திரண்டு பத்திரிகை பிடித்தது.

"உள்ள சொருகறதுக்காவது ஒதவுச்சே" என்றாள் வாணி. "லோகநாதன்னு போட்டிருக்கற பக்கத்த வெளிய வையி. நல்லா அடி."

குடோனுக்குள் பெயிண்ட் நெடி தாங்காது என்று களத்தில் வைத்து அடித்தேன். காலையில் காற்று அடங்கியிருந்தது. முதல் பூச்சு நன்றாக வந்தது. இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போது காற்று கிளம்பிவிட்டது. தேங்காய் நார்த் தூசி, மண், சருகு எல்லாம் வந்து உட்கார்ந்தது. ஐந்து நிமிடத்தில் சக்கரம் தவிட்டில் புரட்டிய பணியாரம் மாதிரி ஆகிவிட்டது.

அம்மா வாசலில் நின்று சொன்னாள்: "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். உம்பட பெயிண்ட் நிக்குமாக்கும்?"

டப்பாவைத் தூக்கி எறிந்தேன். களத்தில் உருண்டு போய் வாணியின் காலடியில் நின்றது. எடுத்துத் துடைத்து வாசல் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து முதலிலிருந்து.

ஜூலை 23, செவ்வாய்

குடோன் கதவில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டேன். தரையில் தண்ணீர் தெளித்தேன். தூசி அடங்கியது. மெல்லிய பூச்சாக மூன்று, நடுவில் பத்து பத்து நிமிடம். அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு. தலைவலி. ஆனால் சக்கரம் கடையில் வாங்கியது போல இருக்கிறது. எங்கே கீறல் இருந்தது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது.

எனக்கு இது வருகிறது. வேறு எதற்காவது இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருப்பேனா என்று தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இடது முன், வலது பின் இரண்டும் முடிந்தன. மாப்பிள்ளை போனில் கேட்டார்: "எந்த அளவுல இருக்குதுங்க மச்சான்?"

"மூணு முடிஞ்சுதுங்க மாப்பிள்ளை."

"போட்டோ அனுப்புங்க."

அனுப்பினேன். பதிலுக்குக் கட்டை விரல் படம் ஒன்று வந்தது. வாணி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அவர் கேட்காததை நான் சொல்லவும் இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

இடது பின் சக்கரத்தைக் கழற்றினேன். கழுவினேன். இன்று இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இந்தச் சக்கரத்தின் விளிம்பில் கீறல் குறைவு. ஐந்து ஸ்போக்குகளிலும் வெட்டு இருக்கிறது. ஐந்திலும் ஒரே உயரத்தில், ஒரே பக்கத்தில். உட்புறத்திலும் வட்டமாக ஒரு கோடு. கல்லோ கில்லோ சிக்கியிருக்கும்.

வெட்டுக்குள் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் வருகிறது.

காற்று: மிக பலம். களத்தில் தார்ப்பாய் கிழிந்தது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடி 18

ஆடிப்பெருக்கு நோம்பி. வேலை இல்லை. அம்மாவும் அப்பாவும் கொடுமுடிக்கு ஆற்றுக்குப் போனார்கள். வாணி போகவில்லை. நானும் போகவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசாமல் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வெட்டு ஆழம். சாதாரணப் பட்டி நிற்குமா என்று கேட்பதற்காகச் சக்கரத்தைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் வைத்து ரெஜினாக்கா கடைக்குக் கொண்டுபோனேன். பழைய டப்பாவும் தீரும் நிலையில் இருந்தது. அதே நிறத்தில் இன்னொரு டப்பா கலக்கச் சொன்னேன்.

அவள் சாக்கை விலக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். வெட்டின் மேல் விரலை வைத்து, ஸ்போக் ஸ்போக்காகத் தாண்டிப் போனாள்.

"இது ஒரசுனது இல்லைங்க தம்பி."

"பின்ன?"

"கம்பி. நிக்கற வண்டிச் சக்கரத்துக்குள்ள கம்பியச் சொருகியிருக்காங்க, நகராம இருக்கறதுக்கு. வண்டிய எடுத்துட்டாங்க. கம்பி உள்ள மாட்டிச் சுத்தியிருக்கு. எங்க தெருவுல ஒருக்கா தவண கட்டாத வண்டிக்கு இப்படித்தான் பண்ணுனாங்க. ஆனா அந்த வண்டிக்குள்ள ஆரும் இல்ல."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்க சிநேகிதன் வண்டிக்குள்ள ஆருங்க இருந்தாங்க?"

உனக்கு எதுக்கு அதெல்லாம், பெயிண்ட் விற்கிற வேலையைப் பார் என்று கத்தினேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. புது டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெருந்துறை வீட்டின் கேட் பச்சை. கேட்டை உள்ளிருந்து பூட்டுவதற்குக் குறுக்கே ஒரு கம்பி போடுவார்கள். ஆள் உயரத்தில் பாதி இருக்கும். அதுவும் பச்சை. சம்பந்தம் பேசப் போன அன்று அதில் என் வேட்டி மாட்டிக் கிழிந்தது. அதனால் நினைவிருக்கிறது.

அதனால் என்ன? இந்த ஜில்லாவில் பாதி வீட்டு கேட் பச்சைதான்.

இனி எழுதுவது அப்பாவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அன்று, ஜூலை ஒன்றாம் தேதி, அவள் எனக்குப் போன் செய்தாள். காலை பத்தே முக்கால். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. போனில் இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை. நான் களத்தில் தேங்காய்ப் பருப்பு கிளறிக்கொண்டிருந்தேன். "என்னைய இப்பவே வந்து கூட்டிட்டுப் போண்ணா" என்றாள். என்ன என்று கேட்டேன். "வந்தாச் சொல்றேன், இப்ப பேச முடியாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

"ஆடிக்கு இன்னும் பதினாறு நாள்தான இருக்கு" என்றேன். "அதுவரைக்கும் பொறுத்துக்க. சீரோட மொறையா வந்து கூட்டிக்கறோம். இப்ப வந்தா ஊரு என்ன பேசும்?"

அவள், "சரி" என்றாள்.

நான் சொன்னதில் என்ன தப்பு? எந்த அண்ணனும் அதைத்தான் சொல்வான். பதினாறு நாள் பெரிய விஷயமா?

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாள் குறித்துவிட்டார்கள். ஆவணி ஒன்று சனிக்கிழமை, ஆகாது. ஆவணி இரண்டு, ஞாயிறு, வளர்பிறை. காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வருகிறார்கள். காரில் அவளை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை ஓட்டிப் போவார்.

அப்பா இதைச் சொன்னபோது வாணி தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போகலீங்கப்பா."

அப்பா என்னிடம் திரும்பி, "இன்னொரு வீலு எப்ப முடியும்?" என்றார்.

"முடிஞ்சுரும்" என்றேன்.

"நான் போகலீங்க" என்று மறுபடி சொன்னாள். அம்மா அவள் தட்டில் ரசம் ஊற்றினாள். எல்லோரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குடோனில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாணி வந்தாள். சாக்கை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்தாள்.

சண்டைக்குத்தான் கேட்டேன். "களத்துல மூணு நாள் கத்துக் குடுத்தேனே, ரெண்டாவது கியருக்கு மேல போடத் தெரியலையா உனக்கு? இஞ்சினு வெந்து போயிருச்சு."

"மூணாவது போடத் தெரியும்."

"பின்ன என்ன கேடு?"

இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "வெரலு மடங்கல. ஒண்ணுலருந்து ரெண்டுக்கு உள்ளங்கையால இழுத்துட்டேன். மூணுக்குத் தள்ள முடியல."

கதவில் நசுங்கியது என்றுதான் சொல்லியிருந்தாள். எந்தக் கதவு, யார் சாத்தியது என்று ஒரு மாதமாக இந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"இத எப்பப் பூசப் போற?" என்று சக்கரத்தைக் காட்டினாள்.

"பாக்கலாம்."

"பூசிரு. எனக்கும் ஒரு டப்பா வாங்கியாந்திருக்கலாம். வெரலுக்கு அடிச்சிக்குவேன்."

சிரித்தாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மழைத் தூறல். பருப்பு அள்ளினோம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அம்மா வாணியின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். வாணி எடுத்து அலமாரியில் வைத்தாள். அம்மா மறுபடி பெட்டியில் வைத்தாள். காலையிலிருந்து மூன்று முறை நடந்தது.

அப்பா குடோனுக்கு வந்து பார்த்தார். "இன்னும் பூசலையா?"

"பெயிண்ட் தீந்துபோச்சுங்கப்பா."

"வாங்கிக்கறது."

"அந்தக் கலர் இல்லீங்களாம். கம்பெனியிலருந்து வரோணுமாம்."

அவர் குடோன் அலமாரியின் மேல் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ரெஜினாக்கா கொடுத்த பையைப் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை.

சக்கரத்தை அப்படியே கொண்டுபோய் மாட்டினேன். போல்ட்டுகளை முறுக்கினேன். காரைத் திருப்பி, இடது பக்கம் வீட்டு வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். அங்கேதான் நிழல்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. ஆவணி 2

மாலை ஐந்து மணி. வந்தவர்கள் வந்த காரிலேயே போய்விட்டார்கள். வாணி போகவில்லை. எங்கள் கார் களத்தில் நிற்கிறது. சாவி அவளிடம்.

இது முடிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மரகதம் போகும்போது, "பெரியவிய நாலு பேர வெச்சுப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த நாலு பேர் யார் என்று எனக்குத் தெரியும். மண்டப வாசலில் காரோடு போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதே காலுக்கு வந்தார்கள். லோகநாதன், மரகதம், வண்டி ஓட்ட ஒரு டிரைவர். லோகநாதன் நாங்கள் ஆடிக்கு எடுத்த சட்டையைப் போடவில்லை. வீட்டுக்குள் நுழையும் முன்பே களத்துக்குப் போய்க் காரைச் சுற்றி வந்தார். வலது பக்கத்தில் ஆரம்பித்தார். குத்தவைத்து உட்கார்ந்து, விளிம்பை விரலால் தடவினார்.

"கம்பெனி வேலையாட்டம் இருக்குதுங்க மச்சான். நீங்களேவா பண்ணுனீங்க?"

"ஆமாங்க மாப்பிள்ளை."

என்னை மெச்சினார். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு நொடி பிடித்திருந்தது.

பிறகு இடது பக்கம் வந்தார். முன் சக்கரம் பார்த்தார். பின் சக்கரத்துக்கு வந்ததும் நின்றார். உட்காரவில்லை.

"இத மட்டும் உட்டுட்டீங்க?"

அப்பா ஓடி வந்தார். "பெயிண்ட் வரலீங்க மாப்பிள்ளை. வந்ததும் அடிச்சுக் குடுத்துருவான்."

நான் கேட்டேன்: "உங்க ஊட்டு கேட்டுக் கம்பி என்ன கலருங்க?"

"ஏனுங்க மச்சான்?"

"பச்சைதானுங்க. இங்கயும் பச்சைதான். உக்காந்து பாருங்க. அஞ்சு ஸ்போக்குலயும் இருக்குது."

மரகதம் படியில் நின்றபடி சொன்னாள்: "ஓட்டத் தெரியாதவ எங்க கொண்டுபோய் உட்டாளோ. அதுக்கு எம்பட பையன் என்ன பண்ணுவான்?"

"கேட்டுக் கம்பி தானா எந்திரிச்சு நடந்து வந்து சக்கரத்துக்குள்ள பூந்துக்காதுங்க அத்தை" என்றேன். "வண்டிக்குள்ள எம்பட தங்கச்சி உக்காந்திருக்கறப்ப அதச் சொருகுனது ஆருங்க?"

லோகநாதன் அப்பாவைப் பார்த்தார். "என்னங்க மாமா இது? வரச் சொல்லிட்டு இப்படிப் பேசறாரு?"

"தினகரா, வாய மூடு" என்றார் அப்பா.

"ஆரு சொருகுனதுன்னு சொல்லச் சொல்லுங்கப்பா. அப்பறம் மூடிக்கறேன்."

சரசக்கா வேலியோரம் வந்து நின்றுவிட்டாள். லோகநாதன் போனை எடுத்துப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அந்தப் பச்சையை வைத்திருந்து சரியான நேரத்தில் எடுத்துவிட்டேன் என்று, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அப்போதுதான் வாணி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். புதுச் சேலை இல்லை, பூ இல்லை. அவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தட்டில் வைத்திருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். படி இறங்கி, மரகதத்தைத் தாண்டி, லோகநாதனைத் தாண்டி, என் முன்னால் வந்து நின்றாள்.

"கம்பி சொருகுனது ஆருன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவரு சொல்ல மாட்டாரு. அது கெடக்கட்டும்" என்றாள்.

மெதுவாகத்தான் பேசினாள். காற்று துளிகூட இல்லை. களத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"அதுக்கு முன்னாடி பத்தே முக்காலுக்கு நான் உனக்குப் போன் பண்ணுனேன். நாலு நிமிசம் பேசுனோம். நீ என்ன சொன்னீன்னு இவிய எல்லாரு முன்னாடியும் சொல்லு."

அப்பா என்னைத்தான் பார்த்தார். "போன் பண்ணாளா? இல்லைன்னு சொன்னியே?"

அம்மா கையில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். லோகநாதன் போனை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். இப்போது அவரும் என்னைப் பார்த்தார்.

பூசாத சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவருகிட்டக் கேட்ட இல்ல? இப்ப நான் கேக்கறேன்" என்றாள் வாணி. "சொல்லுண்ணா."